சிறைக்குள் மருத்துவம்: சேர்க்கை நாள் முதல் விடுதலை நாள் வரை

வெளியே இருப்பவருக்கு நள்ளிரவில் நெஞ்சு வலி வந்தால் வீட்டார் எழுந்து 108-ஐ அழைப்பார்கள். அது வர நேரமானால் ஆட்டோ பிடித்தாவது பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அறைக்குள் பூட்டப்பட்டவருக்கு அதே வலி வந்தால் அவர் கம்பியைத் தட்ட வேண்டும். பாராவில் நிற்கும் காவலர் காதில் அது விழ வேண்டும். அவர் மேலே தகவல் சொல்லி, சாவி வந்து, மருத்துவர் பார்த்து, வழிக்காவல் ஏற்பாடாகி, வண்டி வெளிவாசலைத் தாண்ட வேண்டும். நோய் ஒன்றுதான் என்றாலும், சிறைவாசியின் உயிர் இத்தனை பேர் கையில் இருக்கிறது.

ஆகவே சிறை மருத்துவத்தைத் திட்டமிடுவோர் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இது: தானாகப் போய் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் சுதந்திரத்தை ஒருவரிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டால், வைத்தியத்தை அவரிடம் கொண்டுசேர்க்கும் பொறுப்பும் அரசையே சேரும். கேட்டால் கொடுப்பது போதாது. கேட்க வாய்ப்பில்லாதவருக்கும் கிடைக்கும்படி ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்த அத்தியாயம் சிறைக் கண்காணிப்பாளர், சிறை மருத்துவ அலுவலர், சிறைகளைப் பார்வையிடும் குழுவின் உறுப்பினர்கள், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது. தமிழ்நாட்டின் புழல், வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை மத்திய சிறைகளுக்கும், முழுநேர மருத்துவர் இல்லாத கிளைச் சிறைகளுக்கும் பொருந்தும்படி இதை அமைத்திருக்கிறோம்.

1. சட்டம் கேட்பது என்ன?

அடிப்படைக் கடமைகள் பழையவை. 1894-ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, உள்ளே வருபவரைப் பரிசோதித்து, உடல்நிலையையும் உடலில் உள்ள காயங்களையும் தழும்புகளையும் பதிவேட்டில் எழுதச் சொல்கிறது. 37-ஆம் பிரிவின்படி, மருத்துவரைப் பார்க்க விரும்புகிறவரின் பெயரையும், பார்வைக்கே உடல்நலமில்லாதவராகத் தெரிகிறவரின் பெயரையும் பொறுப்புக் காவலர் தாமதமின்றிச் சிறை அலுவலருக்குச் சொல்ல வேண்டும். பின்னதைக் கவனியுங்கள். வாய் திறந்து கேட்காதவரையும் காவலர் கவனித்தே ஆக வேண்டும் என்று 130 ஆண்டுகளுக்கு முந்தைய சட்டமே சொல்லிவிட்டது.

கைதானவரின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் அவரைக் காவலில் வைத்திருப்பவரே பொறுப்பு என்கிறது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 56-ஆம் பிரிவு. ஐ.நா. பொதுச் சபை 2015-இல் ஏற்ற மண்டேலா விதிகள் மூன்று அளவுகோல்களைத் தருகின்றன. சமூகத்தில் கிடைக்கும் தரத்திலேயே சிறையிலும் சிகிச்சை கிடைக்க வேண்டும், அது இலவசமாக இருக்க வேண்டும். மருத்துவ முடிவை மருத்துவத் துறையினர் மட்டுமே எடுக்க வேண்டும், சிறை நிர்வாகம் அதை மாற்றக் கூடாது. மருத்துவக் கோப்பு ரகசியமாக இருக்க வேண்டும், சிறைவாசி வேறிடம் போனால் கோப்பும் கூடவே போக வேண்டும்.

2016-ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு 300 சிறைவாசிகளுக்கு ஒரு மருத்துவர், 500 பேருக்கு ஒரு மனநல ஆலோசகர் என்று கணக்கு வைக்கிறது. உங்கள் சிறையின் இன்றைய எண்ணிக்கையை இதனோடு ஒப்பிட்டு, எத்தனை பணியிடம் குறைகிறது என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஒப்பளிக்கப்பட்ட இடங்களை எண்ணாதீர்கள். வேலைக்கு வந்து நிற்கிறவர்களை எண்ணுங்கள்.

2. சேர்க்கைப் பரிசோதனை

சிறை மருத்துவத்தில் மிக முக்கியமான அரைமணி நேரம் இதுதான். ரிமாண்ட் ஆனவர்கள் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோதான் வருகிறார்கள். ‘காலையில் டாக்டர் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடப்படும் அந்த ஓர் இரவில்தான் பல உயிர்கள் ஆபத்துக்குள்ளாகின்றன. இரவு வருபவரைப் பரிசோதிக்கப் பயிற்சி பெற்ற செவிலியராவது இருக்க வேண்டும்; அவர் மருத்துவரைத் தொலைபேசியில் பிடிக்க முடிய வேண்டும்.

‘ரிமாண்டுக்குத் தகுதியானவர்’ என்று வெளியிலிருந்து வரும் சான்றை உங்கள் பரிசோதனைக்கு மாற்றாக ஏற்காதீர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் மருத்துவச் சான்றோடும் நீதிமன்றக் காவல் உத்தரவோடும்தான் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு வந்தார்கள். ஜூன் 22-இலும் 23-இலும் அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். மருத்துவர், நீதித்துறை நடுவர், சிறை வாசல் என்று மூன்று இடங்களில் அவர்கள் உடலில் இருந்த காயங்களைக் கண்ணால் பார்த்துச் சாவைத் தடுத்திருக்க வாய்ப்பு இருந்தது. நம் கையில் உள்ளது மூன்றாவது இடம். காயத்தோடு வருபவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்பவும், கண்டதைக் கண்டபடி எழுதவும், நடுவருக்கு அன்றே தெரிவிக்கவும் சேர்க்கையில் இருப்பவருக்கு எழுத்து மூலமான அதிகாரம் கொடுங்கள். டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்றது. போலீஸ் காவலிலிருந்து வருபவரிடம் அந்தப் பரிசோதனைத் தாள்களைக் கேட்டு வாங்கிக் கோப்பில் சேருங்கள்.

பரிசோதனை, அழைத்து வந்த போலீசார் காதில் விழாத தூரத்தில் நடக்க வேண்டும். கேள்விகள் அவர் பேசும் தமிழிலேயே இருக்கட்டும்:

• “தினமும் ஏதாவது மாத்திரை, ஊசி எடுத்துக்கிறீங்களா? கடைசியா எப்போ எடுத்தீங்க?”
• “சுகர், பிரஷர், ஃபிட்ஸ், ஆஸ்துமா, நெஞ்சு வலி ஏதாவது இருக்கா?”
• “குடிப்பழக்கம் உண்டா? தினமும் எவ்வளவு? கடைசியா எப்போ குடிச்சீங்க?”
• “இருமல், ராத்திரி வியர்வை, உடம்பு இளைச்சுப் போறது இருக்கா?”
• “யாராவது அடிச்சாங்களா? எங்கே வலிக்குது?”
• “வாழவே வேண்டாம்னு தோணியிருக்கா? இப்போ தோணுதா?”

கடைசிக் கேள்வியைக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். நேராகக் கேட்டால்தான் மறைத்து வைத்திருப்பவர் சொல்வார்.

3. முதல் 72 மணி நேரம்

சேர்க்கைக்குப் பிறகான மூன்று நாள்கள் தனிக் கவனத்துக்குரியவை. நான்கு ஆபத்துகளைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

குடி நிறுத்தம்: தினமும் குடித்தவருக்கு நிறுத்திய 6 மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் இல்லாததைக் கண்டு அலறுவதும், இடம் பொழுது தெரியாமல் பிதற்றுவதும், காய்ச்சலும் வந்தால் அது உயிருக்கே ஆபத்து. காவலர் கண்ணுக்கு இது ‘ரகளை’யாகவோ ‘நடிப்பா’கவோ தெரியும். தண்டிக்கவோ தனியறையில் பூட்டவோ கூடாது, மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு காவலருக்கும் பயிற்சியில் சொல்லுங்கள். தயாமின் ஊசியும் உரிய தூக்க மருந்தும் இருப்பில் இருக்கட்டும்.

இன்சுலின்: இன்சுலினையே நம்பி வாழ்பவர் ஒரு நாள் ஊசி தவறினாலே மயக்க நிலைக்குப் போகலாம். சேர்ந்த இரவே ஊசி கிடைக்க வேண்டும். வெப்பமானி வைத்த குளிர்பதனப் பெட்டி கிளைச் சிறைக்கும் அவசியம்.

வலிப்பு மருந்து: திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வரும். சீட்டு இல்லை என்பதற்காக மருந்தை மறுக்காதீர்கள். மனு பார்க்க வரும் குடும்பத்தாரிடம் பழைய ஓ.பி. சீட்டையும் மருந்து அட்டையையும் கொண்டுவரச் சொல்லி, அதுவரை மருத்துவர் முடிவின்படி தொடருங்கள்.

தற்கொலை: இந்தியச் சிறைகளில் இயற்கைக்கு மாறான மரணங்களில் முதலிடம் தற்கொலைக்குத்தான். முதன்முறை சிறைக்கு வந்த நாள், ஜாமீன் மறுக்கப்பட்ட நாள், தீர்ப்பு நாள், குடும்பத்தில் சாவு விழுந்த செய்தி வந்த நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்து அந்த இரவில் கூடுதல் கவனம் வையுங்கள். ஆபத்தில் இருப்பவரைத் தனியறையில் அடைப்பது ஆபத்தைக் கூட்டும். ஆள் துணையும் பேச்சும் வேண்டும்.

4. அன்றாட ஏற்பாடு: மாத்திரை, சாப்பாடு, அடைப்பு நேரம்

சிறையின் கடிகாரமும் மருந்தின் கடிகாரமும் ஒத்துப்போவதில்லை. மாலை ஆறு மணியளவில் அடைப்பு. அதற்கு முன்பே இரவுச் சாப்பாடு கொடுக்கப்பட்டுவிடும். மறுநாள் காலைச் சாப்பாடு வரை பன்னிரண்டு, பதிமூன்று மணி நேர இடைவெளி. சர்க்கரை நோய்க்கான சில மாத்திரைகளும் மாலை இன்சுலினும் இந்த இடைவெளியில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். பூட்டிய அறையில், எல்லோரும் தூங்கும் நேரத்தில் வரும் தாழ்சர்க்கரை மயக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.

செய்ய வேண்டியவை: சர்க்கரை நோயாளிகளின் பட்டியலைச் சமையலறைக்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் கொடுங்கள். இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட அவர்கள் அறையில் சுண்டல், ரொட்டி போன்ற ஏதாவது இருக்க அனுமதியுங்கள். கூடவே ஒரு பொட்டலம் சர்க்கரையும் வேண்டும். மாத்திரையின் வகையையும் அளவையும் இந்த இடைவெளிக்கு ஏற்ப மருத்துவர் மாற்றி எழுதட்டும். அடைப்புக்குப் பின் செவிலியர் ஒருமுறை சுற்றிவரும் ஏற்பாடு மத்திய சிறைகளிலாவது கட்டாயம்.

இரத்த அழுத்த மாத்திரை போன்றவற்றைச் சிறைவாசியிடமே ஒரு வார அளவு கொடுத்து வைக்கலாம். காசநோய் மருந்தையும் மனநல மருந்தையும் கண் முன்னால் விழுங்கச் செய்து குறிக்க வேண்டும். மருந்து கொடுக்கும் வேலையையும் கோப்பைக் கையாளும் வேலையையும் மற்றொரு சிறைவாசியிடம் ஒருபோதும் ஒப்படைக்காதீர்கள். ஒருவருடைய நோய் இன்னொருவருக்குத் தெரிந்தால், உள்ளே அதுவே அவரை மிரட்டும் ஆயுதமாகும்.

மருத்துவரைப் பார்க்க விரும்புகிறவர் காவலரிடம் காரணம் சொல்லித்தான் பெயர் கொடுக்க வேண்டும் என்ற பழக்கத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் பூட்டிய பெட்டி ஒன்றை வைத்து, அதன் சாவியைச் செவிலியரிடம் கொடுங்கள். எழுதத் தெரியாதவருக்காகச் செவிலியரே தினமும் ஒருமுறை தொகுதிக்குள் நடந்து வரட்டும்.

5. தொற்று நோய்கள்

நெருக்கமான அறை, குறைந்த காற்றோட்டம் என்பதால் வெளியுலகைவிடச் சிறையில் காசநோய் பல மடங்கு எளிதாகப் பரவும். இருமல் இரண்டு வாரம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இருமுகிறவரிடம் அன்றே சளி வாங்கி அனுப்புங்கள். நெஞ்சு எக்ஸ்ரே முகாமை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாவட்டக் காசநோய் மையத்தோடு சேர்ந்து நடத்துங்கள். நோய் உறுதியானவரின் நிக்ஷய் (தேசியக் காசநோய்ப் பதிவேட்டு) எண்ணைக் கோப்பின் அட்டையிலேயே எழுதுங்கள். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். அதற்குள் அவர் ஜாமீனில் போய்விடக்கூடும் என்று எண்ணியே தொடங்குங்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனை, விவரம் சொல்லிச் சம்மதம் பெற்ற பிறகே. நம்பிக்கை மைய ஆலோசகரை மாதந்தோறும் வரவழையுங்கள். தொற்று உள்ளவரைத் தனியே ஒதுக்குவதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. கூட்டு மருந்து ஒரு நாளும் நிற்கக் கூடாது. நீதிமன்றத்துக்குப் போகும் நாளிலும் மாத்திரை கையோடு போக வேண்டும்.

சொறி சிரங்கு சின்ன விஷயம் என்று தள்ளப்படுகிறது. தூக்கத்தைக் கெடுத்து, சீழ் வைத்து, மாதக்கணக்கில் வதைப்பது அது. அரிப்பவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போகாது. அந்த அறையில் உள்ள அனைவருக்கும் ஒரே நாளில் மருந்து, அன்றே துணியும் விரிப்பும் வெந்நீரில் துவைத்தல், ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை என்பதே முறை.

6. மனநலமும் பெண் சிறைவாசிகளும்

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு சிறைவாசிகளுக்கென்றே உள்ளது. மாநிலத்தில் ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவுக்குள் மனநல சிகிச்சையிடம் அமைக்க வேண்டும். சிறை மருத்துவ அலுவலர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையைப் போன காலாண்டின் நகலாக அனுப்பாமல், தொகுதி தொகுதியாகப் பார்த்து எழுதுங்கள். மாத்திரை கொடுத்து அமைதிப்படுத்துவதோடு சிகிச்சை முடிவதில்லை. ஆலோசகரின் பேச்சும், வேலையும், குடும்பத்தின் வருகையும் சிகிச்சையின் பகுதிகளே.

பெண்களைப் பெண் மருத்துவர் பார்க்க வேண்டும். கர்ப்பப் பரிசோதனை சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும். பிரசவத்தின்போதும் அதையொட்டிய நேரத்திலும் விலங்கு கூடவே கூடாது என்கின்றன மண்டேலா விதிகள். பிரசவம் இயன்றவரை வெளி மருத்துவமனையில் நடக்கட்டும், பிறப்புச் சான்றில் சிறையின் பெயர் வரக் கூடாது. தாயோடு ஆறு வயது வரை குழந்தை இருக்கலாம் என 2006-இல் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது. அந்தக் குழந்தை கைதி அல்ல. அதற்கான தடுப்பூசி அட்டை, எடைப் பதிவு, பால், தனி உணவு எல்லாம் திட்டத்தில் தனித் தலைப்பாக இருக்க வேண்டும்.

7. வெளி மருத்துவமனையும் வழிக்காவலும்

புழலிலிருந்து ஸ்டான்லிக்கோ, மதுரைச் சிறையிலிருந்து ராஜாஜி மருத்துவமனைக்கோ போக வேண்டியவர் பட்டியலில் இருப்பார், மருத்துவரும் நாள் கொடுத்திருப்பார், ஆனால் அன்று வழிக்காவலுக்கு ஆள் இல்லை. நீதிமன்றத்துக்கோ பந்தோபஸ்துக்கோ போய்விட்டார்கள். சிகிச்சை இப்படித் தள்ளித் தள்ளிப் போவதுதான் சிறை மருத்துவத்தின் மிகப் பெரிய ஓட்டை. புற்றுநோய்க் கட்டி, சிறுநீரகக் கோளாறு, கண் அறுவை போன்றவற்றில் இழந்த மாதங்கள் திரும்பக் கிடைப்பதில்லை.

ஐந்து ஏற்பாடுகள் இதைப் பெருமளவு சரிசெய்யும்:

1. அவசரத்தில் வழிக்காவலுக்குக் காத்திருக்காமல், சிறைக் காவலரையே உடன் அனுப்பி 108-இல் ஏற்றும் நிலையாணை. இரவில் அதைச் செயல்படுத்தும் அதிகாரம் பணியில் உள்ள அலுவலருக்கே இருக்கட்டும்.
2. வாரத்தில் இரண்டு நாள்கள் மருத்துவமனைக்கென்றே ஒதுக்கப்பட்ட வழிக்காவல். ஒரே துறைக்குப் போகிறவர்களை ஒரே நாளில் அனுப்புங்கள்.
3. தோல், பல், கண், மனநலம், மகளிர் மருத்துவம் ஆகியவற்றுக்கு நிபுணர்கள் சிறைக்கே வருவது. தொடர் ஆலோசனைக்குக் காணொலி வழி.
4. தவறிய ஒவ்வொரு முறையும் காரணத்தோடு பதிவு. இரண்டாம் முறை தவறினால் கண்காணிப்பாளரே காவல் துறை உயரதிகாரிக்கு எழுத வேண்டும்.
5. பாதுகாப்புக் கருதித் தேதியைச் சொல்ல முடியாவிட்டாலும், ‘உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது’ என்று நோயாளியிடம் தெரிவிப்பது. வெறும் வயிற்றோடு போக வேண்டியவரிடம் முந்தைய இரவே சொல்லுங்கள்.

நோய் முற்றியவருக்குச் சிறையே பொருந்தாத நிலை வரும். உடல்நலமற்றவருக்கும் தளர்ந்தவருக்கும் ஜாமீன் வழங்க நீதிமன்றத்துக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480-ஆம் பிரிவு இடம் தருகிறது. விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவின் கூட்டத்துக்கு முன் இத்தகையவர் பட்டியலை மருத்துவ அலுவலரே தயாரித்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். குடும்பத்தார் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம்.

8. மாறுதலும் விடுதலையும்

மருத்துவர் தகுதி என்று சொல்லாமல் நோயாளியை வேறு சிறைக்கு மாற்றக் கூடாது என்கிறது 1894 சட்டத்தின் 26-ஆம் பிரிவு. கோப்பும் ஒரு வார மருந்தும் அவர் ஏறும் அதே வண்டியில் போக வேண்டும்.

ஜாமீன் உத்தரவு மாலையில் வரும், அன்றிரவே வாசல் திறக்கும். அந்த நேரத்தில் மருந்து கட்டிக் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். எனவே நாள்பட்ட நோயுள்ள ஒவ்வொருவருக்கும் விடுதலைப் பை ஒன்று எப்போதும் தயாராக வாசலில் இருக்கட்டும். இரண்டு வார மருந்து, ஒரு பக்க மருத்துவச் சுருக்கம், அவர் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையப் பெயர், அடுத்து மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. விடுதலையாகிறவர் சம்மதித்தால் அவர் பெயரை அந்த ஊர்ப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அன்றே தகவல் அனுப்புங்கள்.

9. மேற்பார்வை: பார்வையிடுபவர் எதைப் பார்க்க வேண்டும்?

அறிவித்துவிட்டு வந்து, வெள்ளையடித்த சுவரைப் பார்த்துவிட்டுப் போகும் வருகையால் யாருக்கும் பயனில்லை. ஒரு வருகையில் இவற்றைச் செய்யுங்கள்:

• கடைசியாகச் சேர்ந்த ஐந்து பேரின் கோப்பை எடுத்து, வந்த நேரத்தையும் பரிசோதித்த நேரத்தையும் ஒப்பிடுங்கள். அந்த ஐந்து பேரையும் நேரில், காவலர் இல்லாமல் பாருங்கள்.
• மருத்துவமனைக்குப் போகத் தவறிய ஐந்து பேரைத் தேர்ந்து, இன்று அவர்கள் நிலை என்ன என்று கேளுங்கள்.
• கடைசியாக விடுதலையான ஐந்து பேருக்கு மருந்து கொடுத்த கையெழுத்து இருக்கிறதா?
• ஆக்சிஜன் உருளையைத் திறந்து பாருங்கள். குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையைப் படியுங்கள். மருந்துகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள்.
• இரவு வருகை ஒன்றாவது வேண்டும். ஏதாவது ஓர் அறையிலிருந்து உதவி கேட்கச் சொல்லி, செவிலியர் வந்து சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள்.
• கடைக்கோடித் தொகுதியில், அதிகம் பேசாதவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள்.

கண்டதை எழுதும்போது ‘மருத்துவ வசதி திருப்தி’ என்ற ஒற்றை வரியை எழுதாதீர்கள். குறை, பொறுப்பானவர், முடிக்க வேண்டிய நாள் என மூன்றையும் எழுதி, அடுத்த வருகையில் அங்கிருந்தே தொடங்குங்கள். உங்களிடம் பேசியவர் அதற்காகத் துன்புறுத்தப்படவில்லை என்பதையும் அடுத்த முறை அவரையே பார்த்து உறுதி செய்யுங்கள்.

காவலில் மரணம் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவின்படி நடுவர் விசாரணை நடக்கும். அவை தவிர, சிறையின் மருத்துவக் குழுவும் ஒரு வாரத்துக்குள் உட்கார்ந்து அந்த நோயாளியின் கோப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். எந்த நாளில், எந்த இடத்தில், யார் கவனித்திருந்தால் நிலைமை மாறியிருக்கும் என்பதே கேள்வி. மயிரிழையில் தப்பியவர்களின் கோப்புகளையும் இப்படியே படியுங்கள். அந்தக் கூட்டத்தின் முடிவை நிலையாணையில் ஏற்றி, காவலர் முதல் மருத்துவர் வரை அனைவருக்கும் அதே வாரத்தில் பயிற்சியாகக் கொடுங்கள். இறந்தவரின் குடும்பத்துக்கு நடந்ததை நேரில், அவர்களுக்குப் புரியும்படி சொல்வதும் அந்தக் குழுவின் வேலையே. பிள்ளையையோ கணவனையோ உயிரோடு நம்மிடம் ஒப்படைத்தவர்களுக்கு, என்ன நடந்தது என்று கேட்கும் உரிமை முழுமையாக உண்டு.